பூட்டிய பெட்டிக்குள் நம் கடிதங்கள்

மலையகத்தின் லயங்களில் பிறந்தவனுக்கு முகவரி என்பது தலைமுறை தலைமுறையாக இரவல் பொருளாகவே இருந்து வந்திருக்கிறது. உறையின் மேல் அவன் பெயரும் தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் எழுதப்பட்டிருக்கும்; கடிதமோ தோட்டத்து அலுவலகத்துக்கே போய்ச் சேரும். அங்கிருந்து அது எப்போது லயத்துக்கு வரும், வருமா வராதா என்பதெல்லாம் பிறர் கையில். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த இளைஞர்களின் கதை ஹற்றனிலும் தலவாக்கலையிலும் புதிதன்று. இத்தகைய சமூகத்தில் பலருக்கு, துரையின் அலுவலகத்தைத் தொடாமல் கடிதம் வந்து சேர்ந்த முதல் முகவரி மின்னஞ்சல் முகவரிதான். ஆகவே, மற்றவர்களுக்குத் தொழில்நுட்பச் சில்லறையாகத் தோன்றக்கூடிய ஒரு கேள்வியை நான் உரிமைப் பிரச்சினையாகவே எழுப்புகிறேன். அந்த முகவரிக்கு வந்த கடிதங்கள் யாருக்குச் சொந்தம்?

எங்களுக்குத்தான் என்று உடனே சொல்வீர்கள். அப்படியாயின், அவற்றை ஒரு மின்னஞ்சல் நிரலிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் சென்று பாருங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்து வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், கடிதங்களை டிபிஎக்ஸ் என்ற கோப்புகளிலும் முகவரிகளை டபிள்யூஏபி என்ற வேறொரு கோப்பிலும் வைத்திருந்தது. 2007 இல் விஸ்டா வந்தபோது அதன் இடத்தில் விண்டோஸ் மெயில் அமர்ந்தது. 2009 இல் வந்த விண்டோஸ் 7 இல் அதுவும் இல்லை. விண்டோஸ் லைவ் மெயிலைத் தரவிறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கான ஆதரவு 2017 ஜனவரியில் முடிந்தது. பின்னர் வந்த மெயில் செயலியின் ஆயுள் 2024 டிசம்பர் 31 உடன் தீர்ந்து, புதிய அவுட்லுக்குக்குப் போகும்படி சொல்லப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குள் நான்கு குடிபெயர்வுகள்! ஒவ்வொரு குடிபெயர்விலும் எதை எடுத்துச் செல்லலாம், எதை விட்டுச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் வீட்டுக்காரரே அன்றிக் குடியிருந்தவர் அல்லர்.

இது தொழில்நுட்ப இயலாமை என்று யாரும் நமக்குக் கதை சொல்ல வேண்டாம். மின்னஞ்சலின் வடிவத்தை ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம் 1982 இலேயே வகுத்துவிட்டது. அஞ்சல்களை வெறும் எழுத்துக் கோப்பாக அடுக்கி வைக்கும் எம்பொக்ஸ் முறை யூனிக்ஸ் காலத்தது. முகவரிகளைக் கைமாற்றுவதற்கான வீகார்ட் முறை 1990களில் பிறந்தது. பொது வழி இருந்தும் ஒவ்வொருவரும் தனித்தனி வேலி போட்டுக்கொண்டார்கள். மைக்ரோசொப்ட் தன் பிஎஸ்டி கோப்பின் உள்ளமைப்பைப் பகிரங்கப்படுத்தியது 2010 இல்தான். திறந்த மென்பொருள் என்று நாம் போற்றும் தண்டர்பேர்டுங்கூட, அஞ்சல்களை எம்பொக்ஸில் வைத்தபோதிலும், முகவரிகளை மோர்க் என்ற விளங்காத வடிவத்தில் 2020 வரை வைத்திருந்தது. குற்றம் ஒருவர்மீது மட்டும் அன்று.

தமிழருக்கு இந்த வேலியின்மேல் இன்னொரு முள்வேலியும் உண்டு. விண்டோஸின் பழைய எழுத்துக்குறிப் பக்கங்களில் தமிழுக்கென ஒரு பக்கம் ஒருபோதும் இருந்ததில்லை. தமிழ் யூனிகோடின் வழியாக மட்டுமே உள்ளே வந்தது. ஆகவே, முகவரிப் புத்தகத்தைப் பழைய முறையில் சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்கும் நிரல், ஆங்கிலப் பெயர்களை ஒழுங்காகத் தந்துவிட்டுத் தமிழ்ப் பெயர்களின் இடத்தில் கேள்விக்குறிகளை வரிசையாக நிறுத்திவிடும்.

யூனிகோடுக்கு முன்னர் இலங்கையில் நாம் பாமினி எழுத்துருவில் எழுதிய கடிதங்களின் கதி இன்னும் மோசம். பாமினியில் 'தமிழ்' என்று நாம் காண்பது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். இடம்மாற்றும்போது எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிட்டால், எஞ்சுவது அந்தக் குறிகளே.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் அண்ணன் குடும்பம் 1970களில் நீலகிரிக்குப் போனது. அவர்களோடு அவர் ஆறு ஆண்டுகள் பாமினியில் எழுதிய மின்னஞ்சல்கள் புதிய கணினியில் இப்படித்தான் திறந்தன. அண்ணன் இறந்த செய்தி எந்த அஞ்சலில் வந்தது என்பதைக்கூட அவரால் தேடி எடுக்க முடியவில்லை. "பழைய கடுதாசிதானே சேர், போனாப் போகட்டும்" என்றாராம் கணினிக் கடைக்காரர்.

போனால் போகட்டுமா? மலையகத்தவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது? 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமோ, 1946 ஜனவரி 1 க்கு முந்தி, மணமானவராயின் ஏழு ஆண்டும் மணமாகாதவராயின் பத்து ஆண்டும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. தேயிலைக்கு உரமாகிப்போன மக்களிடம் கடதாசி கேட்டார்கள்; பெரும்பாலோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. 2003 இல் வந்த சட்டமும், அந்த ஒப்பந்தம் கைச்சாத்தான 1964 அக்டோபர் 30 முதல் இங்கே வதிந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே குடியுரிமை வழங்கிற்று. பழைய கடதாசியின் விலையை நம்மைவிட அறிந்தவர் யார்? பிரிக்கப்பட்ட குடும்பங்கள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டவையே நம் வரலாற்றின் மூல ஆவணங்கள். அவற்றில் ஒரு பகுதி இன்று கணினிக் கோப்புகளுக்குள் கிடக்கிறது.

"இப்போதுதான் எல்லாம் இணையத்திலேயே இருக்கிறதே" என்று சில நண்பர்கள் வாதிடுகிறார்கள். லயக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். காம்பராவில் நாலு தலைமுறை வாழலாம். ஆனால் வீடு தோட்டத்துக்குரியது. கூகிள், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அழிக்கத் தொடங்கியது. இறந்துபோன தந்தையின் அஞ்சல்கள் எங்கே போகும் என்று எண்ணிப்பாருங்கள். அதே கூகிள் 2013 முதல் 'டேக்அவுட்' மூலம் அஞ்சல்களை எம்பொக்ஸாக வெளியே தருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். கதவு இருக்கிறது, அதைத் திறப்பவர்தாம் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, தான் கொடுத்த தரவை இயந்திரம் வாசிக்கக்கூடிய பொது வடிவத்தில் திரும்பப் பெறும் உரிமையை 2018 மே 25 முதல் ஒருவருக்கு வழங்கியிருக்கிறது. பாரிசிலும் பேர்லினிலும் வாழும் நம்மவர்கள் அந்த உரிமையைக் கேட்டுப் பெறட்டும். நம் பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் பத்திரிகை அலுவலகங்களும், எந்த நிரலை நிறுவுமுன்னரும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: என் கடிதங்களும் முகவரிகளும் தமிழ் சிதையாமல், பொது வடிவத்தில் வெளியே வருமா? வராது என்றால், அந்த நிரல் இலவசமானாலும் வேண்டாம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பழைய நிரலும் புதிய நிரலும் ஐமேப் முறையை அறிந்தவையாயின், இரண்டிலும் ஒரே கணக்கை அமைத்து, பழைய அஞ்சல்களைச் சேவையகத்து உறைக்கு இழுத்துப் போட்டால் புதியதில் அவை தோன்றும். முகவரிகளை வீகார்டாகவோ யூடிஎஃப்-8 குறியீட்டிலான சிஎஸ்வியாகவோ எடுங்கள். எடுத்த கோப்பைத் திறந்து தமிழ்ப் பெயர்களைக் கண்ணால் பாருங்கள். பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். பாமினிக் கடிதங்களை எழுத்துரு மாற்றியின் மூலம் யூனிகோடாக்கி வையுங்கள். பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால், அது மூச்சை நிறுத்துமுன் இதைச் செய்து முடியுங்கள்.