குட்டிக்கு ஒரு பள்ளிக்கூடம்

வீட்டுக்கு நாய்க்குட்டி வந்து பத்து நாள் ஆவதற்குள் செருப்பில் ஒன்று காணாமற் போகும், தலையணை கிழியும், கொடியில் உலரும் புடவையை இழுத்துப் போட்டுக்கொண்டு குட்டி அதன்மேல் சுகமாக நித்திரை செய்யும். உடனே வீட்டுக்காரர், "இதை ஏதாவது ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டால் தேவலை" என்பார். நல்ல யோசனைதான். ஆனால் எந்த வகுப்பு? வைத்தியம் பார்க்கப் பட்டம் வேண்டும், கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும். நாய்க்கு வாத்தியாராக நம் தேசத்தில் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஒரு சங்கிலியும் உரத்த குரலும் இருந்தால் போர்டு மாட்டிவிடலாம். ஆகையால் வாத்தியாருக்குப் பரீட்சை வைக்க வேண்டியவர்கள் நாம்தாம்.

முதல் கேள்வி, எத்தனை வயதில் சேர்த்துக்கொள்கிறார் என்பது. "ஆறு மாதம் ஆகட்டும் அம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் இன்னமும் உண்டு. அது பழைய நாள் வழக்கம். அந்தக் காலத்தில் கழுத்துச் சங்கிலியைச் சுண்டி இழுத்துத்தான் பாடம் நடந்தது. பச்சைக் குட்டியின் கழுத்து அதைத் தாங்குமா? அதனால் காத்திருந்தார்கள். இயான் டன்பார் என்ற மிருக வைத்தியர் 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில், சின்னக் குட்டிகளுக்கென்றே, கயிற்றை அவிழ்த்துவிட்டு, தின்பண்டமும் விளையாட்டுமாக வகுப்பு நடத்திக் காட்டிய பிறகு அந்த வழக்கம் மாறத் தொடங்கியது.

காத்திருந்தால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில், சில குட்டிகளை உயரமான வேலிக்குள் மனிதப் பழக்கமே இல்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். 14 வாரம் வரை அப்படியே வளர்ந்த குட்டிகள், மனிதரைக் கண்டாலே காட்டு மிருகம்போல் மிரண்டன. 1961-ல் வெளியான முடிவு இது. பிறந்த 3-வது வாரத்திலிருந்து சுமார் 14-வது வாரம் வரையில் எதைப் பார்த்தாலும், 'இதுவும் நம் வீட்டைச் சேர்ந்ததுதான் போலும்' என்று குட்டி எடுத்துக்கொள்ளும். குக்கரின் விசில், ஆட்டோ ஹாரன், குடை பிடித்த தபால்காரர், தவழும் குழந்தை எல்லாம் அந்த நாளில் பழக வேண்டும். பழகாத நாய் பயப்படும். பயந்த நாய் கடிக்கும். கடித்த நாய்க்கு வீட்டில் இடம் ஏது? ஒரு நாள் இரவு எங்கேயோ தூரத்துத் தெருவில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பாவம் யாரைச் சேரும் என்று நான் சொல்லப் போவதில்லை.

"தடுப்பூசி எல்லாம் முடியாமல் வெளியே கொண்டுபோகலாமா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. பார்வோ என்ற கொடிய வியாதியின் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனாலும் முதல் ஊசி போட்டு 7 நாளாவது கழிந்து, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், 7, 8 வார வயதிலேயே வகுப்பைத் தொடங்கலாம் என்று அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர்களின் சங்கம் 2008-ல் அறிவித்தது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். தெரு நாய்கள் புழங்கும் பார்க் உதவாது. கழுவித் துடைத்த தரை வேண்டும். ஊசிச் சீட்டைக் காட்டச் சொல்லாமல் குட்டியைச் சேர்த்துக்கொள்ளும் வகுப்பிலிருந்து, போன காலோடு திரும்பிவிடுங்கள். எதற்கும் உங்கள் மிருக டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நடுவிலுள்ள நாட்களில் குட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீதியை வேடிக்கை காட்டலாம். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும்!

அடுத்தது, குட்டியை வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் மட்டும் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வேண்டாமென்று தடுக்கிற இடம் வேண்டாம். வாத்தியாரைப் பார்க்காதீர்கள், குட்டிகளின் வாலைப் பாருங்கள். வால் ஆடினால் சரி. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தால் அங்கே பாடம் நடக்கவில்லை, பயம் நடக்கிறது. கூச்சப்படும் குட்டி நாற்காலிக்கடியில் ஒளிந்தால் என்ன செய்கிறார்கள்? இழுத்து வெளியே போடுகிறார்களா, தானாக வரும்வரை பொறுக்கிறார்களா? ஒன்றுக்கொன்று விளையாடும்போது முரட்டுக் குட்டியைப் பிரித்துவிட ஆள் உண்டா? இழுத்தால் இறுகும் சங்கிலியோ, 'ஷாக்' அடிக்கும் பட்டையோ கண்ணில் பட்டால் எழுந்து வந்துவிடலாம். இந்த ஷாக் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள்.

பரிசாகக் கொடுப்பது கடுகத்தனை துண்டு போதும். சைவ வீடானால் பனீர் இருக்கிறது, வேகவைத்த காரட் இருக்கிறது. திராட்சை மட்டும் கூடாது, உலர்ந்ததும் கூடாது. நாயின் சிறுநீரகத்துக்கு அது விஷம்.

"ஒரு மாதம் எங்களிடம் விட்டுவிடுங்கள், தங்கமாகத் திருப்பித் தருகிறோம்" என்கிற விளம்பரமும் பார்த்திருப்பீர்கள். நாய் தங்கமாகத்தான் திரும்பும், அந்த வாத்தியார் வாசலில் நிற்கும்வரை. அவர் போனபின் புடவை மறுபடி கீழே. உண்மையில் வகுப்பு குட்டிக்கு அல்ல, அதை வளர்ப்பவருக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிற்றைப் பிடிப்பவர் ஐயா. மற்ற ஆறு நாளும் அதற்குச் சோறு வைத்து, தரையைத் துடைத்து, காலிங் பெல் அடித்தால் பிடித்துக்கொள்பவர் நீங்கள். மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் வகுப்பில் கயிற்றைக் கையில் எடுத்தபோது, "ஸாரிடம் கொடுங்கள் மேடம், அவருக்குத்தான் அடங்கும்" என்றாராம் வாத்தியார். அம்மாள் அந்த வகுப்பையே மாற்றிவிட்டார். இப்போது அவருடைய ராஜபாளையம் குட்டி, வாசற்கதவு திறந்திருந்தாலும் அவர் ஒரு சொல் சொன்னால் உட்காருகிறது.

அந்தச் சொல் எது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் "உட்கார்" என்று, பிள்ளை "ஸிட்" என்று, அவர் "ஏய், சும்மா இரு" என்று கத்தினால் குட்டி எதைக் கேட்கும்? ஒரே வார்த்தையை ஒரு தாளில் எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பாட்டிக்கும் படித்துக் காட்டிவிடுங்கள்.