ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பேரேடு

எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றொரு இயல் இருக்கிறது. லாபம், நட்டம், தள்ளுபடி, ஜிஎஸ்டி, கூட்டு வட்டி எல்லாம் அதில் வருகின்றன. அதோடு சரி. ஒன்பதிலும் பத்திலும் கணமொழி, இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் என்று பாடம் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. சமூக அறிவியலில் பணமும் கடனும் பற்றி ஒரு பாடம் உண்டு. அது படித்துத் தெரிந்துகொள்ளும் பாடம், போட்டுப் பார்க்கும் கணக்கல்ல. பணக் கணக்கு மறுபடி வகுப்பறைக்குள் நுழைவது பிளஸ் ஒன்னில், அதுவும் வணிகவியல் பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும். அறிவியல் பிரிவுக்குப் போகிறவர்களும், பத்தாம் வகுப்போடு ஐடிஐக்கோ வேலைக்கோ போகிறவர்களும் ஒரு பொருளின் அடக்கவிலையைப் போட்டுப் பார்க்காமலே, ஒரு வரவு செலவு நோட்டை எழுதிப் பார்க்காமலே பள்ளியை விட்டு வெளியேறுகிறார்கள். தொழில் மேலாண்மையைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. கற்பிக்கத்தான் வேண்டும். ஒன்பதாம் வகுப்பில், எல்லாருக்கும், கணக்கேட்டிலிருந்து அதைத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை வைத்தே இதைப் பேசலாம்.

மேலாண்மை நம் பாடத்திட்டத்தில் இல்லாத பொருளல்ல. பிளஸ் டூ வணிகவியல் புத்தகமே மேலாண்மைத் தத்துவங்களில்தான் தொடங்குகிறது. டெய்லரின் அறிவியல் மேலாண்மை, ஹென்றி ஃபயோலின் பதினான்கு கொள்கைகள், குறியிலக்கு மேலாண்மை என்று வரிசையாக வருகின்றன. சிபிஎஸ்இ புத்தகத்திலும் அதே ஃபயோல்தான். இந்த ஃபயோல் பிரான்ஸில் ஒரு சுரங்க நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் கொள்கைகளாக எழுதினார். நம் மாணவர்களுக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பட்டியல் மட்டும். நெய்வேலிச் சுரங்கம் இதே மாவட்டத்தில் இருக்கிறது, 1956இல் தொடங்கிய நிறுவனம். அங்கே ஒரு நாள் வேலை எப்படிப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது, ஒரு டன் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுக்க என்ன செலவாகிறது என்று கேட்கும் பயிற்சி எதுவும் இல்லாமல், 90 மதிப்பெண் தேர்வுக்காகப் பதினான்கு தலைப்புகளும் மனப்பாடம் ஆகின்றன. பட்டம் படித்தால் இது சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வி வழியே நாடு முழுக்க எம்பிஏ பட்டங்களை வழங்கியது. அதுவே நிதி நெருக்கடியில் சிக்கி, 2013இல் தனிச்சட்டத்தின் மூலம் அரசின் பொறுப்புக்கு வந்தது. தேவைக்கு மேல் சேர்ந்துபோன ஊழியர்களை வேறு அரசுத் துறைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. மேலாண்மையைப் பற்றிப் பேசத் தெரிவதற்கும் கணக்குப் பார்க்கத் தெரிவதற்கும் உள்ள தூரம் நம் ஊரிலேயே பதிவாகி இருக்கிறது.

பண்ருட்டி முந்திரியை எடுத்துக்கொள்வோம். கொட்டை வாங்குவது 80 கிலோ மூட்டைக் கணக்கில். உடைத்துத் தோல் நீக்கினால் பருப்பாகத் தேறுவது ஏறக்குறைய கால் பங்கு. கொட்டை சொத்தையாக இருந்தால் அதுவும் தேறாது. உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை கப்பலில் வருகிறது என்பதால் டாலர் விலையும் அந்த மூட்டைக்குள் இருக்கிறது. பருப்பிலும் தரம் உண்டு. ஒரு பவுண்டுக்கு 320க்கு மேல் போகாத முழுப்பருப்பு டபிள்யூ 320. 240க்கு மேல் போகாதது அதைவிடப் பெரியது, விலையும் அதிகம். உடைந்துவிட்டால் விலை சட்டென்று இறங்கிவிடும். இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒன்பதாம் வகுப்பைக் கேட்கலாம். மூட்டை விலை, கூலி, விறகு அல்லது மின்சாரம் எல்லாம் கூட்டினால் ஒரு கிலோ பருப்பின் அடக்கம் என்ன? வாங்கிய கொட்டை நான்கு மாதம் கொட்டகையில் கிடந்தால் அதில் முடங்கிய பணத்துக்கு வட்டி எவ்வளவு? பிறகு இதைவிட நல்ல கேள்வி ஒன்று. உடைக்கும் பெண்ணுக்கு எடைக்குத்தான் கூலி என்றால் அவர் வேகமாக உடைப்பார், உடைசல் கூடும். முழுப்பருப்புக்குக் கூடுதல் கூலி கொடுத்தால் உடைசல் குறையும், வேலை மெதுவாகும். எது லாபம், யாருக்கு லாபம்? டெய்லர் தலையை உடைத்துக்கொண்டதும் இந்தக் கூலிக் கணக்கில்தான். அந்த வகுப்பில் முந்திரி உடைக்கும் அம்மாவின் மகள் இருந்தால், விடையை முதலில் சொல்லப் போவது அவளாகவே இருக்கும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்துக்குப் போனால் இன்னொரு பாடம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வருமானம் பத்து மாதத்துக்கு. படகுக் கடனின் வட்டி பன்னிரண்டு மாதத்துக்கும். டீசலும் ஐஸும் போக மிஞ்சியதை உரிமையாளருக்கும் கடலுக்குப் போனவர்களுக்கும் பங்கு பிரிக்கும் முறை, நட்டத்தை யார் சுமப்பது என்ற கேள்விக்கு ஊர் கண்டுபிடித்த ஒரு விடை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டும் என்ற ஏற்பாடு இன்னொரு விடை. அதற்கு வட்டி இல்லை என்றுதான் பேச்சு. வியாபாரி 20,000 ரூபாய் முன்பணம் தந்து, கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதத்தில் 1,000 கிலோ போட்டால் 10,000 ரூபாய் போய்விட்டது. பத்து மாதத்தில் முதலில் பாதி என்றால், ஆண்டு வீதத்தில் 60 விழுக்காடு வட்டி; முதல் அப்படியே நிற்கிறது. வியாபாரியின் பக்கமும் ஒன்று உண்டு: அடமானம் கேட்காமல், இரவு பத்து மணிக்குக் கேட்டாலும் பணம் கொடுப்பவர் அவர்தான். அதன் விலை 60 விழுக்காடா என்பதைப் பேரம் பேசுகிறவர் முதலில் கணக்காகப் பார்த்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் படித்த தனிவட்டி இதற்குப் போதும். அந்தச் சூத்திரத்தை இந்த இடத்தில் பொருத்திப் பார்க்கத்தான் பள்ளி சொல்லித் தருவதில்லை.

பொருத்திப் பார்ப்பது தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இப்போது இடமில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களைச் சோதித்து 2025இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். விலை, எடை, மீதிச் சில்லறை எல்லாவற்றையும் மனக்கணக்காகச் சரியாகச் சொன்ன சிறுவர்கள், அதே கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளி மாணவர்களோ புத்தகக் கணக்கைப் போட்டுவிட்டுச் சந்தைக் கணக்கில் விழுந்தார்கள். தெருவுக்கும் பள்ளிக்கும் நடுவே பாலம் தானாக முளைக்கவில்லை. எவ்வளவு கற்பிக்கலாம் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. டொமினிக்கன் குடியரசில் சிறு வியாபாரிகளுக்கு நடத்திய ஒரு சோதனையில், முறையான கணக்குப்பதிவுப் பயிற்சி பெரிய மாற்றம் எதையும் தரவில்லை. வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் தனித்தனியே வை என்பது போன்ற எளிய விதிகளைச் சொல்லிக் கொடுத்ததில் கணக்கு வைக்கும் பழக்கம் முன்னேறியது. அது வளர்ந்தவர்களிடம் கண்டது என்றாலும், பதினான்கு வயதுக்குப் பதினான்கு கொள்கைகள் வேண்டாம், நாலைந்து விதி போதும் என்று நான் துணிவது இதனால்தான்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு யோசனையைச் சொன்னதும் எழ வேண்டிய முதல் எதிர்ப்பு குலக்கல்வி. எழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் வைக்கப் பார்த்தது. கடும் எதிர்ப்பில் அவர் பதவி விலக, 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழக அரசு ஏற்க மறுத்ததற்கும் பிள்ளைகள் குலத்தொழிலோடு கட்டப்பட்டுவிடுவார்கள் என்ற அதே அச்சமே காரணம். மீனவர் பிள்ளைக்கு மீன் கணக்கு, முந்திரிக்காரர் பிள்ளைக்கு முந்திரிக் கணக்கு என்று பிரித்தால் அது குலக்கல்விதான், வேறு பேர் வைத்துப் பயனில்லை. ஆனால் சாதி காலங்காலமாகப் பிரித்துக் கொடுத்தது எதை, பிரித்துக் கொடுக்காமல் பூட்டி வைத்தது எதை என்று பார்க்க வேண்டும். கைவேலை தாராளமாகக் கொடுக்கப்பட்டது. பேரேடுதான் சில வீடுகளைத் தாண்டவில்லை. வலை இழுத்தவரிடம் வலை இருந்தது, நோட்டு வியாபாரியிடம் இருந்தது. நகரத்தார் வீட்டுப் பையன்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பேரேடும் ஐந்தொகையும் பழகிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடை நடத்தப் போனார்கள். அண்ணாமலை செட்டியார் பல்கலைக்கழகம் கட்டிய செல்வத்தின் வேர் அந்தப் பயிற்சியில் இருந்தது. அதைவிடச் சிறந்த மேலாண்மைப் பள்ளியை அன்றைய தமிழகத்தில் காட்ட முடியாது. அதில் சேரப் பிறப்பு வேண்டியிருந்தது. அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, எழுத்து மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்தார். கணக்கேட்டை அப்படி யாரும் பொதுவில் எடுத்துக் கொடுக்கவில்லை. வலை பின்னவோ கொட்டை உடைக்கவோ எந்தப் பிள்ளையும் பள்ளியில் பழக வேண்டாம். கிள்ளை மீனவர் மகள் முந்திரியின் அடக்கவிலையையும், கொட்டகை முதலாளியின் மகன் மீனவரின் முன்பணக் கணக்கையும் ஒரே பெஞ்சில் போட வேண்டும். குலக்கல்வி பிள்ளையைத் தொழிலுக்கு அனுப்பியது. இது தொழிலின் நோட்டைப் பிள்ளைக்கு எடுத்து வருகிறது.

இரண்டாவது எதிர்ப்பு எனக்குப் பாதி உடன்பாடானது. வேலை தர முடியாத அரசுகள் ‘தொழில்முனைவோர் ஆகுங்கள்’ என்று இளைஞர் தலையில் பொறுப்பைக் கட்டுகின்றன என்பது அது. டெல்லி அரசு 2021இல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தலா 2,000 ரூபாய் முதல் கொடுத்து வியாபாரம் தொடங்கச் சொன்னது. பரபரப்பாகப் பேசப்பட்ட திட்டம். ஆனால் நெதர்லாந்தில், மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பழகும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, அவர்களின் திறன் கூடியதாகக் காணவில்லை. தொழில் தொடங்கும் ஆசை குறைந்திருந்தது. உள்ளதை உள்ளபடி தெரிந்துகொண்டதால் ஆசை குறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களில் ஒன்று. அப்படியென்றால் அதுவும் நல்ல கல்விதான். நூறு பேரில் தொழில் தொடங்கப் போகிறவர் சிலர். கடலூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்கிறவருக்கும் சம்பளச் சீட்டில் வருங்கால வைப்பு நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் அந்தத் தொகை என்ன ஆகும், நிறுவனம் தன் பங்கைக் கட்டியதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். பேரேட்டை முதலாளிக்கு மட்டும் உரிய கருவியாக நினைப்பதில்தான் இந்த எதிர்ப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

ஏமாற்றுத் திட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2012இல் ஈமு கோழிப் பண்ணைகள், 2022இல் ஆருத்ரா நிதி நிறுவனம். பின்னதில் ஒரு லட்சம் பேரிடமிருந்து 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டப்பட்டதாகக் காவல்துறை சொன்னது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்பது வாக்குறுதி. எந்தத் தொழில் மாதம் 25 விழுக்காடு சம்பாதிக்கும் என்ற கேள்வியை முந்திரி மூட்டையோடு ஒரு முறை மல்லுக்கட்டிய மாணவன் கேட்டுவிடுவான். கேட்ட பிறகும் பணம் போடுவானா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிரேசிலில் ஏறத்தாழ 900 உயர்நிலைப் பள்ளிகளில் நிதிக் கல்வியைக் கணிதம், மொழி போன்ற பாடங்களுக்குள் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். மாணவர்களின் நிதி அறிவும் சேமிப்பும் கூடின. பொருள் வாங்க அதிக வட்டிக் கடனைப் பயன்படுத்துவதும் சற்றுக் கூடியது. ஆகவே கடன் பாடத்தை வங்கி அதிகாரியின் விருந்தினர் உரையாக விட்டுவிடக் கூடாது. வங்கிக்குக் கடன் விற்க வேண்டியிருக்கிறது.

பாடச்சுமை என்ற எதிர்ப்புக்கு விடை சுலபம். புதிய பாடம் வேண்டாம், புதிய புத்தகமும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. கணிதத்திலிருந்து வாரம் ஒரு பாடவேளை போதும். ஆசிரியர்தான் உண்மையான சிக்கல். வணிகவியல் ஆசிரியர்கள் மேல்நிலைப் பள்ளிகளில் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நிற்கும் உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பணியிடமே கிடையாது. அங்கே கணித ஆசிரியர்தான் எடுக்க வேண்டும், அவருக்குப் பயிற்சி வேண்டும். வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே சில நாள் பயிற்சி, பக்கத்து மேல்நிலைப் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் மாதம் ஒரு முறை வந்து நோட்டுகளைப் பார்ப்பது என்று தொடங்கலாம். நோட்டுக்குப் பஞ்சமில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் பேரேடுகளை, குழுவின் சம்மதத்தோடு, பெயர்களை நீக்கிப் படியெடுத்து வகுப்பில் வைக்கலாம். பல குழுக்களில் எழுதத் தெரிந்த ஒருவரே எல்லார் கணக்கையும் எழுதுகிறார். மற்றவர்கள் நம்பிக்கையில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் குழுக் கூட்டத்தில் கேள்விகள் கூடும். அதிகாரிகளுக்கும் அது கொஞ்சம் தொந்தரவாக இருக்கும். ஆண்டுத் தேர்வில் வரையறை கேட்கும் வினா ஒன்றுகூட வேண்டாம். ஒரு மாதத்து ரசீதுகளையும் வெற்றுத் தாளையும் கொடுத்து, இந்தக் கடை இந்த மாதம் சம்பாதித்ததா, கடனில் ஓடியதா என்று கேட்டால் போதும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதட்டும்.