ஒரு தாள் எழுதி வையுங்கள்

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் பட்டணத்தில் ஊரும் கூடியது, தேரும் இருந்தது. ஆனால் ஆளுக்கொரு பக்கமாக வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டோம். நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கோயில் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்த தான முகாம் நடத்தினார்கள். மண்டபம் நிறைந்தது. மூன்று வாரம் கழித்து எங்கள் மாதர் பிரிவும் அதே மண்டபத்தில் ஒரு முகாம் வைத்தது. மேசை நாற்காலி போட்டாயிற்று, தாதியர் வந்தாயிற்று, மைலோவும் கலக்கி வைத்தாயிற்று. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போனார்கள். "போன முகாமில் கொடுத்திருக்கிறீர்களே, இன்னும் நாள் ஆகவில்லை" என்று தாதி சொல்லிவிட்டார். வேறு சிலர் இரவு வேலை முடிந்து, தூங்காமல், வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். அவர்களிடமும் எடுக்கவில்லை. மீந்த மைலோவை நாங்களே குடித்தோம்.

இதில் யாருடைய மனத்திலும் குறை இல்லை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இரத்தம் அரிசி மூட்டையா, வாங்கி அடுக்கி வைக்க? சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்கலாம். தட்டணுக்கள் சுமார் 5 நாள்தான் தாங்கும். கடுமையான தலசீமியா உள்ள பிள்ளைகளுக்கோ மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். நோன்பு மாதத்திலும் பெருநாள் விடுமுறைகளிலும் கொடுப்பவர்கள் குறைவார்கள்; நோயாளியின் தேவை குறையாது. ஆகவே ஒரே மாதத்தில் இரண்டு முகாம் வைத்துவிட்டு, அப்புறம் அரை ஆண்டு சும்மா இருந்தால் யாருக்கு இலாபம்?

இதை எண்ணித்தான் கோயில் இளைஞர்கள், மாதர் பிரிவு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூவரும் உட்கார்ந்து ஒரு மாதிரித் தாள் எழுதினோம். நீங்களும் எழுதலாம்.

தலைப்பில் மூன்று சங்கங்களின் முகாம் தேதிகளும் இருக்கட்டும். புதுத் தேதி குறிக்குமுன் இரத்த வங்கியையும் மற்ற இரு சங்கங்களையும் கேட்க வேண்டும்.

அடுத்து, நாள் கணக்கு. எட்டு வாரம் முன்பு மண்டபம், நான்கு வாரம் முன்பு அறிவிப்பு, ஒரு வாரம் முன்பு தொண்டர் பட்டியல், முதல் நாள் மாலை மேசையும் மின்விசிறியும்.

பிறகு வேலைகள். பெயர் பதிய இருவர், வரிசை பார்க்க ஒருவர், இரத்தம் கொடுத்தவரை உட்கார வைத்துப் பானம் தர இருவர். இங்கே ஆளின் பெயரை அச்சடிக்காதீர்கள். வேலையை எழுதி, பெயருக்கு இடம் விடுங்கள். எங்களிடம் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்த ஓர் அக்கா, மகன் வீட்டோடு ஜொகூருக்குப் போய்விட்டார். அவரோடு பாதி வேலையும் போய்விட்டது!

கொடுக்க வருபவருக்கான அறிவிப்பையும் அதிலேயே சேருங்கள். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும்; 17 என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. முதல் நாள் இரவு 5 மணி நேரமாவது தூங்கி, சாப்பிட்டுவிட்டு, அடையாளக் கார்டோடு வர வேண்டும். விதிகள் மாறலாம், ஒவ்வொரு முறையும் இரத்த வங்கியிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

கடைசியில் நான்கு வரி காலியாக விடுங்கள். முகாம் முடிந்த மூன்று நாளுக்குள் குறைகளை அங்கே எழுதி, தாளைத் திருத்தி, அடுத்த சங்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் தாளில் முதலில் ஏறிய குறை: "வெந்நீர் போதவில்லை." இப்போது போதுகிறது.

கோத்தோங் ரோயோங் என்றாலும், பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் இதே தாள்தான். சில வரிகளை அடித்துவிட்டு வேறு வரிகள் எழுதினால் போதும். கைப்பேசியில் அனுப்புங்கள்; ஒரு நகலைக் கோயில் அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். கண்ணில் படுவதுதான் நினைவில் நிற்கும்.

தொண்டு செய்ய வருபவர் ஒருநாள் ஓய்வை விட்டு வருகிறார். அந்த நாளை வீணாக்காமல் பார்த்துக்கொள்வது, அழைத்த நம்முடைய கடமையல்லவா? அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு தாளும் பேனாவும் கொண்டு போங்களேன்!