ஒப்பு விண்மீனைத் தேர்தல்

விண்மீனின் ஒளியைப் பகுத்து நிறமாலையாகக் காணும் முயற்சி இந்நாளில் ஆர்வலர் பலர்க்கும் கைகூடியுள்ளது. ஆயின் கருவியும் காற்றும் அவ்வொளியை நிறத்துக்கு நிறம் வெவ்வேறளவில் குறைத்துவிடும். அக்குறையை அளந்து நீக்கவே, இயல்பு நன்கறியப்பட்ட ஒப்பு விண்மீன் ஒன்று வேண்டப்படுகின்றது.

பலர் வேகா எனப்படும் அபிஜித்தையே எப்பொழுதும் நாடுகின்றனர். அது வெண்ணிறமுடைய ‘ஏ’ வகை மீன், 656.3, 486.1 நானோமீட்டர்களில் அமைந்த ஹைட்ரஜன் கோடுகள் அதில் தெளிவாகத் தோன்றும். அலைநீளங்களைக் குறித்துக்கொள்ள அஃது உகந்ததே. எனினும் அபிஜித் உச்சியில் நிற்க, ஆராயும் மீன் அடிவானின் அருகே நிற்குமாயின், இரண்டின் ஒளியும் கடந்துவரும் காற்றின் அளவு ஒவ்வாது. காற்று கவர்ந்த நீலத்தை அம்மீனின் இயற்கைக் குறையென்றே கொள்ள நேரிடும்.

வெம்மை ஒன்றையே நோக்கித் தேர்தலும் தகாது. காசியோப்பியா மண்டலத்துக் காமா என்னும் மீன் வெம்மை மிக்க ‘பி’ வகையினது. ஆயினும் ஹைட்ரஜன் கோடு அதில் இருளாது ஒளிர்வதை 1866-ஆம் ஆண்டில் உரோமாபுரியிலிருந்த செக்கி பாதிரியார் கண்டறிந்தார். அத்தகைய மீன் அளவுகோலாகாது.

ஆதலின், ஆராயும் மீனுக்கு அண்மையில், ஒத்த உயரத்தில் நிற்கும் மாறுபாடற்ற ‘ஏ’ வகை மீனொன்றைத் தேர்ந்து, இரண்டையும் அடுத்தடுத்துப் பதிதலே முறையென்பது எமது துணிபு. புகழினும் பொருத்தமே ஈண்டுப் பெரிது.