இயந்திரம் நாக்கை நீட்டாது

கோல சிலாங்கூரில் பூப்பந்து ஆட ஆள் தேடினால் அரை மணி நேரத்தில் நான்கு பேர் ராக்கெட்டோடு வந்து நிற்பார்கள். டென்னிசுக்குத் தேடிப் பாருங்கள்! ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கமெல்லாம் நிலைமை அதேதான். தோட்டப்புறத்தில் ஒரு காலத்தில் டென்னிஸ் துரைமார் ஆட்டம். நம் பையன்களுக்குக் கிடைத்தது பந்து பொறுக்கும் வேலை. இன்று ராக்கெட் வாங்க நம்மிடம் காசு இருக்கிறது. எதிரில் நின்று ஆடத்தான் ஆள் இல்லை. அதனால் சிலர் பந்து வீசும் இயந்திரம் வாங்க யோசிக்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. முதலைச் சின்னச் சட்டை போடுகிறோமே, அந்த ரெனே லக்கோஸ்ட் 1920களிலேயே தன் பயிற்சிக்காக இப்படி ஓர் இயந்திரம் செய்தவர். 1925இலும் 1928இலும் விம்பிள்டன் வென்றவர்.

இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழன்று பந்தைத் தள்ளும். மேல் சக்கரம் வேகமாகச் சுழன்றால் பந்து சட்டென்று கீழிறங்கித் துள்ளி எழும். கீழ்ச் சக்கரம் வேகமானால் மிதந்து வந்து தாழ்வாக எழும். பேக்ஹேண்ட் பலவீனமா? அதே இடத்துக்கு நூறு பந்து வரும். சலிக்காது, மணி பார்க்காது. ஆனால் மணிக்கட்டைத் தவறாகப் பிடித்தால் நூறு முறையும் தவறாகவே பழகுவோம். அதுவும் சொல்லாது.

ஆண்ட்ரே அகாசியின் அப்பா வீட்டுத் திடலில் வைத்த இயந்திரத்துக்கு மகன் வைத்த பெயர் 'டிராகன்'. தினமும் 2,500 பந்து. அந்தச் சிறுவன் டென்னிசையே வெறுத்ததைப் பிறகு அவரே எழுதினார். பிள்ளைகளுக்காக வாங்கும் அப்பாக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பெரியவனான அகாசி, போரிஸ் பெக்கரிடம் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார். பெக்கரின் சர்வீஸ் ஒளிப்பதிவுகளைப் பார்த்துப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தார்: சர்வீஸ் போடுமுன் பெக்கர் நாக்கை நீட்டுவார், நாக்கு போகும் திசையில் பந்து போகும்! அதன் பிறகு அவருடன் ஆடிய பதினொன்றில் பத்தை வென்றார். டிராகனுக்கு ஏது நாக்கு?

1960, 1961இல் விம்பிள்டன் அரையிறுதி வரை போன நம் ராமநாதன் கிருஷ்ணனைப் பயிற்றுவித்தவர் தந்தை டி.கே.ராமநாதன், கிருஷ்ணனின் மகன் ரமேஷும் வீட்டிலேயே கற்றவர். அந்தக் குடும்பத்தில் ஆள் பஞ்சமே வந்ததில்லை.

இயந்திரம் புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் வேண்டும். அதற்கு முன் நல்ல சுவர் ஒன்றைத் தேடுங்கள். சர்வீசுக்கு அதுகூட வேண்டாம், ஒரு கூடைப் பந்து போதும். அப்படியும் இயந்திரம்தான் என்றால், ஒவ்வோர் அடிக்கும் பிறகு நடுவுக்கு ஓடி வாருங்கள். வார இறுதியில் கிள்ளானோ ஷா ஆலாமோ போய், நாக்குள்ள ஒருவரோடு ஆடிவிட்டு வாருங்கள்.