பேனரில் பளிச், அட்டையில் பேய்

உங்கள் வாக்காளர் அட்டையை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பது யார்? 'நான்தான்' என்று சட்டென்று சொல்ல முடிந்தால் நீங்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அட்டைகளைப் பரப்பி வைத்து, யார் அதிகம் பேய் மாதிரி இருக்கிறார்கள் என்று போட்டியே நடக்கிறது.

சிரிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் முகாம் ஒன்றுக்கு, தெரிந்த ஆச்சியோடு துணைக்குப் போயிருந்தேன். ஆச்சி விசைத்தறிக்குத் தார் சுற்றுகிறவர். பழைய அட்டையைக் காட்டிப் பணம் எடுக்கப் போன இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "இது நீ இல்லேன்னு சொல்லுதான்யா" என்றார்.

நாற்காலிக்கு நேர் பின்னால் பெரிய ஜன்னல். பளீர் வெயில். கேமராவை அழுத்தியவர், "அடுத்த ஆள்" என்றார். எட்டிப் பார்த்தேன். திரையில் ஆச்சி இல்லை, ஒரு வெள்ளைப் புகைமூட்டம் இருந்தது. கேட்டதற்கு, "கேமரா பழசு சார், அப்படித்தான் வரும்."

இதுதான் பொய். மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை. உருவம் ஒரு பக்கமாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தால் கேமரா ஆடியிருக்கிறது, அல்லது ஆள் அசைந்திருக்கிறார். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். சின்ன அசைவும் பதிவாகும். பின்சுவர் காலண்டரில் தேதி தெளிவாகத் தெரிந்து முகம் மட்டும் கலங்கியிருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தால் எதிர்வெளிச்சம், அல்லது லென்ஸில் கைரேகை, பெரும்பாலும் இரண்டும். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தாலும் இப்படித்தான் வெளுக்கும். அதை மட்டும் ரிப்பேர் கடைக்காரர்தான் பார்க்க வேண்டும். மற்றவை துணி, விளக்கு, நாற்காலியோடு முடிகிற விஷயம்.

கண்ணாடி துடைக்கும் துணியைக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே துடைத்தார். நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டோம். மொத்தம் இரண்டு நிமிஷம். மூக்குத்தி, நெற்றித் திருநீறு, ஒவ்வொரு சுருக்கமும் வந்தது. ஆச்சி திரையைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுக் கெழவியா ஆயிட்டனா நான்?" என்று என்னிடம் கோபப்பட்டார்!

லட்சக்கணக்கான பேருக்கு எடுக்கும்போது அப்படி இப்படித்தான் இருக்கும் என்பீர்கள். சரி, நாம் ஒட்டிக்கொண்டு போகும் படம் மங்கலாக இருந்தால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்கிறார்களா? 2012 மார்ச்சில் இதே ஊரில் இடைத்தேர்தல் வந்தபோது அமைச்சர்கள் பட்டாளமே தெருத்தெருவாக வந்து ஓட்டுக் கேட்டது. நம் ஊர் பிளெக்ஸ் பேனர்களைப் பாருங்கள். முப்பதடி உயரத்தில் தலைவரின் மீசை முடியை எண்ணலாம். ஓட்டுக் கேட்பவர் முகம் பளிச், போடுகிறவர் முகம் புகைமூட்டம். தொழில்நுட்பம் இல்லாமலா?

புகைப்பட வாக்காளர் அட்டை 1993-ல் வந்தது. அட்டை கொடுக்காவிட்டால் 1995 ஜனவரிக்குப் பிறகு தேர்தலே கிடையாது என்று டி.என். சேஷன் மிரட்டித்தான் அரசுகளை அசைத்தார். கள்ள ஓட்டைத் தடுக்க முகம் வேண்டும் என்பதுதான் விஷயம். முகமே தெரியாத படம் எந்தக் கள்ள ஓட்டைத் தடுக்கும்?

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அட்டையில் உள்ள படத்தோடு ஆள் ஒத்துப்போகவில்லை என்றால், வாக்காளர் வேறொரு புகைப்பட ஆவணத்தைக் காட்ட வேண்டும் என்கிறது தேர்தல் ஆணையம். மங்கலாக எடுத்தது அவர்கள். 'நான் நான்தான்' என்று நிரூபிக்க அலைய வேண்டியது ஆச்சி.

ஆகவே, அடுத்த முறை படம் எடுத்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். திரையைக் காட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லையா, லென்ஸைத் துடைத்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். ஆதார் மையங்களில் நாம் சரிபார்ப்பதற்கென்றே இரண்டாவது திரை ஒன்று வைக்க வேண்டும் என்பது விதி. அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.