கருணைத் தொகை வேறு, நஷ்ட ஈடு வேறு

1956-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலையில், அரியலூருக்கு அருகே மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகள் மாண்டனர். ரயில்வே மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அந்த ராஜிநாமாவை இன்றளவும் மேடைகளில் போற்றுகிறோம், போற்றத் தக்கதே. ஆயினும் ஆற்றோடு போனவர்களின் பெண்டு பிள்ளைகள் பின்னர் எவ்வாறு பிழைத்தனர் என்று விசாரித்தவர் எத்தனை பேர்?

பாதுகாப்பு முன்னேறியிருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவுப்பாதைகள் 2019 ஜனவரிக்குள் ஒழிக்கப்பட்டன. இருந்தும் 2023 ஜூன் 2-ஆம் தேதி, ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பக்கத்துப் பாதையில் நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதிற்று. ஏறக்குறைய முந்நூறு உயிர்கள் போயின. சிக்னல் மின்சுற்றை மாற்றியமைத்ததில் நேர்ந்த பிழையே காரணமென்று விசாரணையில் கண்டனர். 2025 ஜூலை 8-ஆம் தேதி கடலூரை அடுத்த செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் மாண்டனர். அங்கே கேட் காப்போர் இருந்தார்; ஆனால் கேட் மூடினாலன்றிச் சிக்னல் விழாது என்னும் இணைப்பு அங்கில்லை. ஒரு மனிதரின் விழிப்பை மட்டுமே நம்பி உயிர்களை ஒப்படைப்பது தகாது என்பது என் கருத்து.

விபத்துக்குப் பின் நடப்பதைப் பற்றியே இங்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். மந்திரிகள் வருகிறார்கள்; கருணைத் தொகை அறிவிக்கிறார்கள்; குடும்பத்தார் அதைப் பெற்றுக்கொண்டு, கணக்கு முடிந்தது என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். கணக்கு முடியவில்லை. கருணைத் தொகை சர்க்கார் மனமுவந்து தருவது. நஷ்ட ஈடோ 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் தரும் உரிமை. முன்னதை வாங்கியதனால் பின்னது போய்விடாது.

அச்சட்டத்தின் 124-ஆம் பிரிவின்படி, ரயில் மோதியோ தடம் புரண்டோ காயமுற்ற பிரயாணி, தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதே இல்லை. தம்முடன் பெட்டியில் கொண்டுசென்ற சொந்தச் சரக்கு நாசமானாலும் கேட்கலாம். சேலைக்கட்டுடன் செல்லும் நெசவாளியும் கூடையுடன் செல்லும் விவசாயியும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தாலும் 124அ பிரிவின்படி ஈடு உண்டு. தற்கொலை, குடிபோதை போன்ற சில காரணங்களுக்கே விலக்கு. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே மனுவைத் தள்ளலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டு ரீனா தேவி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கடவுப்பாதையில் அடிபட்டவர் ரயில் பிரயாணி அல்லராதலால் அவருக்கு வழி வேறு. அவர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தை நாட வேண்டும்.

மரணத்துக்கு 2017 ஜனவரி முதல் எட்டு லட்ச ரூபாய் என்று விதித்திருக்கிறார்கள். இரு கைகளையும் இழந்தவருக்கும் அதே தொகை. அதற்குக் குறைந்த ஊனங்களுக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையில்தான் எனக்குக் குறை. அது அங்கத்தை அளக்கிறதே தவிரத் தொழிலை அளப்பதில்லை. குழித்தறியில் அமர்ந்திருப்பவனுக்குக் கை நாடாவை ஓட்ட வேண்டும், கால் மிதியை மிதிக்க வேண்டும். ஒரு பாதம் போனால் மேஜையடியில் உட்கார்ந்து எழுதுகிறவர் மறுபடி எழுதலாம். நெசவாளிக்குத் தறியே போயிற்று. இருவருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் போலத் தோன்றும், நியாயம் ஆகாது.

மனுவை ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். அதன் அமர்வு சென்னையில் இருக்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம். ஆனால் அதற்கும் வாதாட வேண்டும். கட்டுப்போட்ட காலுடன் கிடப்பவருக்கு ஓராண்டு எவ்வளவு விரைவில் ஓடிவிடும்! காயமடைந்தோர் பட்டியல் ரயில்வே இலாகாவின் கையிலேயே இருக்கிறது. மனுப் படிவத்தை அவரவர் தாய்மொழியில் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன சிரமம்?

அது நடக்கும்வரை நம் சங்கங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. நூல் பங்கீட்டுக்கும் கடன் மனுவுக்கும் எழுதிக் கொடுக்கும் காரியதரிசி இதையும் எழுதிக் கொடுக்கலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வக்கீல் ஏற்பாடு செய்கிறது. டிக்கெட், ரயில்வே போலீசார் பதிந்த முதல் தகவல் அறிக்கையின் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு இம்மூன்றையும் ஓர் உறையிலிட்டுச் சங்கப் பெட்டியில் வைக்கட்டும். உறையின்மேல் விபத்துத் தேதியையும் ஓராண்டு முடியும் தேதியையும் பெரிய எழுத்தில் எழுதட்டும்.